ஊசியால் ஆவதும் ஆகாததும்

நாள் தள்ளிப்போய், கார்டில் இரண்டு கோடு தெரிந்தால் பல வீடுகளில் அன்றைக்கே இனிப்பு வாங்கிவிடுவார்கள். இரண்டு மூன்று முறை கரு தங்காமல் போன பெண் அந்தக் கார்டை யாருக்கும் காட்டாமல் பீரோவுக்குள் வைத்துவிடுகிறாள். முதல் ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரியும்வரை ஒரு காத்திருப்பு. போன முறை எந்த வாரத்தில் நின்றதோ அந்த வாரத்தைத் தாண்டும்வரை இன்னொரு காத்திருப்பு. ஒவ்வொரு முறை பாத்ரூம் போகும்போதும் துணியில் ரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்க்கிற பயம். இந்த நாட்களுக்கென்று மருத்துவமனை பெரும்பாலும் கொடுத்தனுப்புவது ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் அடுத்த ஸ்கேன் தேதியும்தான். இந்த வெற்றிடத்தில்தான் யாராவது அக்குபங்சர் பற்றிச் சொல்கிறார்கள். நாத்தனாராக இருக்கலாம், ஆபீஸ் தோழியாக இருக்கலாம், மேல் வீட்டு அக்காவாக இருக்கலாம். "அவங்க அண்ணிக்கு அங்க போனப்புறம்தான் தங்குச்சு, நீயும் போய்ப் பாரு."

போகலாமா? போகலாம். எதற்காகப் போகிறோம் என்ற தெளிவோடு போக வேண்டும். கரு கலைவதை அக்குபங்சர் தடுக்கும் என்று நம்பகமான பெரிய ஆய்வு எதுவும் நிறுவவில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பு நாட்களின் பதற்றத்தையும், தூக்கமின்மையையும், முதுகுவலியையும், தனியாக விடப்பட்ட உணர்வையும் குறைக்க அது உதவக்கூடும். அந்த உதவி சின்னதல்ல. அதை உதவி என்ற அளவில் பெற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு நன்மை கிடைக்கிறது. சிகிச்சைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும் பெண், தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய உண்மையான மருந்தை இழக்கிறாள்.

முதலில் காரணத்தைத் தேட வேண்டும்

தெரியவந்த கர்ப்பங்களில் ஏறத்தாழ 15 சதவீதம் கருச்சிதைவில் முடிகின்றன. ஒருமுறை நடப்பது அவ்வளவு சாதாரணம். மூன்று அல்லது அதற்கு மேல் நடப்பது நூறு பெண்களில் ஒருவருக்கும் குறைவு. ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் இரண்டு முறை கலைந்தாலே பரிசோதனையைத் தொடங்கலாம் என்கின்றன. பிரிட்டிஷ் வழிகாட்டுதல் மூன்று என்று சொன்னாலும், தேவைப்பட்டால் இரண்டிலேயே தொடங்கும் முடிவை மருத்துவரிடம் விடுகிறது. ஆக, இரண்டாவது முறைக்குப் பிறகும் "இதெல்லாம் சகஜம்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், பரிசோதனை வேண்டும் என்று தம்பதி கேட்பதில் தவறில்லை.

கேட்க வேண்டியவற்றில் முதலிடம் ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனைக்கு. உடல் தானே உருவாக்கும் சில எதிர்ப்புப் பொருட்கள், நஞ்சுக்கொடி சரியாகப் படிந்து வளர்வதைக் கெடுத்து, ரத்தம் உறையும் போக்கையும் கூட்டிவிடுகிற நோயைக் கண்டறியும் பரிசோதனை இது. ஒருமுறை பார்த்து முடிவு கட்ட முடியாது. குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்து உறுதி செய்ய வேண்டும். தொடர் கருச்சிதைவுக் காரணங்களில் மருந்துக்கு நன்றாகப் பணியும் காரணம் இந்த நோய். லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் நடந்து 1997இல் வெளியான ஆய்வில், குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் எடுத்த பெண்களில் 42 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது. ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் போட்டவர்களில் அது 71 சதவீதம். நூறு பெண்களில் கிட்டத்தட்ட முப்பது பேரின் மடியை இந்த ஹெப்பாரின் ஊசி நிறைத்திருக்கிறது. இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்காமலேயே அக்குபங்சர் மேசையில் படுத்துவிட்டால் என்ன போகும் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

அடுத்து தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் வடிவத்தைப் பார்க்கும் 3டி ஸ்கேன். தேவைப்பட்டால் கணவன் மனைவி இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை. இருவருக்கும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்ணின் கைப்பையில் மட்டும் ரிப்போர்ட் கட்டு தடித்துக்கொண்டே போக, கணவர் ஒருமுறைகூட ரத்தம் கொடுக்காத குடும்பங்கள் நிறைய.

வயதும் ஒரு காரணம். நார்வேயின் தேசியப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், 25 முதல் 29 வயதுப் பெண்களுக்குக் கருச்சிதைவு வாய்ப்பு 10 சதவீதம். 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 53 சதவீதம். முட்டையின் குரோமோசோம்களில் வயதோடு கூடும் பிழைதான் இதற்கு முக்கியக் காரணம். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் பிழையால் வளர முடியாமல் நிற்பவை. மாடிப்படி ஏறியதால், ஸ்கூட்டியில் போனதால், குனிந்து துணி துவைத்ததால் நின்றவை அல்ல. "நீ அன்னிக்கு அந்தக் கல்யாணத்துக்குப் போயிருக்கக் கூடாது" என்று சொல்லும் மாமியாருக்கும், அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும் மருமகளுக்கும் இந்த ஒரு உண்மை தெரிந்திருந்தால் எத்தனையோ இரவுகள் நிம்மதியாகக் கழிந்திருக்கும்.

காரணம் தெரியாதவர்களுக்கு

எல்லாப் பரிசோதனையும் முடிந்தபின், தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் டாக்டர் சொல்வது "எல்லாம் நார்மல்" என்பதுதான். நல்ல செய்திபோலத் தெரியும் இந்தச் சொல் பல பெண்களை உடைத்துவிடுகிறது. நோய் இருந்தால் மருந்து இருக்கும். நோயே இல்லையென்றால் எதற்கு மருந்து சாப்பிடுவது? அக்குபங்சர் மையங்களுக்கு வருபவர்களில் கணிசமானவர்கள் இந்த வாசலைத் தாண்டி வந்தவர்கள்தான்.

அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய எண் ஒன்று உண்டு. காரணம் கண்டுபிடிக்கப்படாத தொடர் கருச்சிதைவுள்ள பெண்களை இங்கிலாந்தின் லிவர்பூலில் பின்தொடர்ந்து 1999இல் வெளியான ஆய்வில், அடுத்த கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்ந்தவர்கள் நான்கில் மூன்று பேர். விசேஷ மருந்து எதுவும் இல்லாமல், ஆதரவான கவனிப்போடு மட்டும். வயதும், முன்பு எத்தனை முறை கலைந்தது என்பதும் இந்த எண்ணை ஏற்றும், இறக்கும். ஆனாலும் அடிப்படையில் இது நம்பிக்கை தரும் எண்.

இதே எண் இன்னொரு விஷயத்தையும் விளக்குகிறது. ஒரு மையத்துக்கு இப்படிப்பட்ட நூறு பெண்கள் வந்தால், அங்கே என்ன செய்தாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும், அறுபது எழுபது பேருக்காவது குழந்தை பிறக்கும். அந்த அறுபது எழுபது குழந்தைகளின் போட்டோவைச் சுவரில் மாட்டினால் வருகிறவர்களின் கண் கலங்கத்தான் செய்யும். போட்டோக்கள் பொய் இல்லை. அவற்றை ஊசியின் வெற்றியாகச் சொல்வதுதான் தவறு. அண்ணிக்குத் தங்கியதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

ஆய்வுகள் சொல்வது

குழந்தைப்பேறு மருத்துவத்தில் அக்குபங்சரின் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது 2002இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு சிறிய ஆய்வு. ஐவிஎஃப் சிகிச்சையில் கரு வைப்பதற்கு முன்னும் பின்னும் ஊசி போட்ட பெண்களில் 42.5 சதவீதத்தினர் கருவுற்றனர். போடாதவர்களில் 26.3 சதவீதம். மொத்தம் 160 பெண்கள். உலகமெங்கும் ஐவிஎஃப் மையங்களில் அக்குபங்சர் அறைகள் முளைத்தன. பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 848 பெண்களை வைத்து, ஒரு பாதிக்கு உண்மையான அக்குபங்சரும் மறு பாதிக்கு ஊசி உள்ளே இறங்காத போலி அக்குபங்சரும் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது: குழந்தை பிறந்தது முதல் குழுவில் 18.3 சதவீதம், இரண்டாவது குழுவில் 17.8 சதவீதம். வித்தியாசமே இல்லை. பழைய ஆய்வை மட்டும் அச்சடித்து வரவேற்பு மேசையில் வைத்திருக்கும் மையங்களில், இந்தப் புதிய ஆய்வைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பது நல்லது. வருகிற பதிலிலேயே ஆளின் நேர்மை தெரிந்துவிடும்.

தொடர் கருச்சிதைவுக்கு நெருக்கமான இன்னொரு ஆய்வு நியூசிலாந்தில் நடந்தது. அங்கே நீண்ட காலம் கர்ப்பிணிகளுக்கு ஊசி சிகிச்சை அளித்துவரும் டெப்ரா பெட்ஸ், கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரத்தக்கசிவு ஏற்பட்ட 40 பெண்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு அக்குபங்சர். இன்னொரு குழுவுக்குக் கையால் மென்மையாகத் தொடும் சிகிச்சை. 2016இல் வெளியான முடிவின்படி, ஊசி போட்ட பெண்களுக்கு ரத்தக்கசிவு, அடிவயிற்றுப் பிடிப்பு, முதுகுவலி போன்ற தொந்தரவுகள் கூடுதலாகக் குறைந்தன. கருச்சிதைவைத் தடுக்கிறதா என்று தீர்ப்பளிக்க நாற்பது பேர் போதாது, ஆய்வு அதற்காக வடிவமைக்கப்பட்டதும் அல்ல. எண்களைவிட, அந்தப் பெண்களிடம் எடுத்த பேட்டிகள்தான் மனதைத் தொடுகின்றன. மருத்துவமனை தங்களைப் பொறுத்திருந்து பாருங்கள் என்று வீட்டுக்கு அனுப்பியதையும், எதுவுமே செய்ய முடியாத அந்த நாட்களில் உட்கார்ந்து பேச ஒருவர் கிடைத்ததையும் அவர்கள் சொல்கிறார்கள்.

அந்தக் கவனிப்புக்கே ஒரு பலம் உண்டா? நார்வேயைச் சேர்ந்த ஸ்ட்ரே-பெடர்சன் தம்பதி, இருவரும் டாக்டர்கள், 1984இல் வெளியிட்ட முடிவு இன்றும் இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. காரணம் தெரியாத தொடர் கருச்சிதைவுள்ள பெண்களில் 37 பேருக்கு வாராவாரம் பரிசோதனை, ஸ்கேன், மனம்விட்டுப் பேச நேரம், ஓய்வு என்று சிறப்புக் கவனிப்பு கொடுத்தார்கள். அவர்களில் 86 சதவீதத்தினருக்குக் கர்ப்பம் நிலைத்தது. அப்படிக் கவனிக்கப்படாத 24 பேரில் 33 சதவீதம். பெண்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை, எண்ணிக்கையும் சிறிது. அதனால் அன்பான கவனிப்பு கருவைக் காப்பாற்றும் என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கவனிப்பால் கெடுதல் கிடையாது, செலவும் அதிகமில்லை என்பதால் தொடர் கருச்சிதைவுக்கான சிறப்பு மருத்துவமனைகள் பலவும் இதைத் தங்கள் நடைமுறையில் சேர்த்துக்கொண்டிருக்கின்றன.

தமிழ்நாட்டின் புறநோயாளிப் பிரிவுகளில் ஒரு டாக்டரால் ஒரு பெண்ணுக்குச் சில நிமிடங்களுக்குமேல் ஒதுக்க முடிவதில்லை. அக்குபங்சர் அறையில் அதே பெண்ணுக்கு அரை மணியோ முக்கால் மணியோ கிடைக்கிறது. தூக்கம் எப்படி, பசி எப்படி, அழுகை வருகிறதா என்று ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார். பலன் ஊசியால் வந்ததா, கேட்டவரால் வந்ததா என்று பிரிப்பது ஆராய்ச்சியாளரின் வேலை. பலன் பெறும் பெண்ணுக்கு அது முக்கியமில்லை, அவள் தன் மாத்திரையை நிறுத்தாதவரை.

மனச்சோர்வு விஷயத்தில் இன்னும் கொஞ்சம் உறுதியாகப் பேசலாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மனச்சோர்வு நோயுள்ள 150 கர்ப்பிணிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வுக்கென்றே தேர்ந்த புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் 63 சதவீதத்தினருக்கு நல்ல முன்னேற்றம். வேறு புள்ளிகளில் ஊசியோ மசாஜோ பெற்றவர்களில் 44 சதவீதம். இது ஏன் முக்கியம் என்றால், கரு கலைந்த பெண்ணின் மனக்காயம் நம் ஊரில் கணக்கிலேயே வருவதில்லை. லண்டனில் 2020இல் வெளியான ஆய்வில், ஆரம்ப கர்ப்பத்தை இழந்து ஒரு மாதமான பெண்களில் 29 சதவீதத்தினருக்கு விபத்திலும் போரிலும் மாட்டியவர்களுக்கு வருவது போன்ற அதிர்ச்சி அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதத்தினருக்கு அவை நீங்கவில்லை. நம் வீடுகளிலோ, மூன்றாம் நாளே "அடுத்த மாசம் ட்ரை பண்ணுங்க" என்று பேச்சு தொடங்கிவிடுகிறது.

மேசையில் நடப்பது

முதல்முறை போகும் பெண்ணுக்கு ஊசி என்றாலே ஆஸ்பத்திரி ஊசிதான் நினைவுக்கு வரும். இது அப்படி இருக்காது. கால் மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன், உள்ளே துளை கிடையாது, மருந்து எதுவும் ஏறாது. நல்ல நிபுணர் முதல் சந்திப்பில் பாதி நேரம் பேச்சிலேயே செலவழிப்பார். மணிக்கட்டின் மூன்று இடங்களில் விரல் வைத்து நாடி பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். சீன மரபு வைத்தியம் கரு தங்காமையைச் சிறுநீரக சக்திக் குறைவு, மண்ணீரல் சக்திக் குறைவு என்றெல்லாம் பிரிக்கும். இது அந்த மரபின் மொழி. கிட்னி கெட்டுவிட்டது என்று யாரும் அதைக் கேட்டுப் பயந்து ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை.

மெல்லிய பிளாஸ்டிக் குழாயைத் தோலில் வைத்து, மேலே ஒரு தட்டு. எறும்பு கடித்த அளவுகூட இருக்காது. ஊசியைச் சற்றுத் திருகும்போது அந்த இடத்தில் ஒரு கனம், மதமதப்பு, லேசாகப் பரவும் வலி தெரியலாம். பிறகு விளக்கைக் குறைத்துவிட்டு இருபது, முப்பது நிமிடம் அப்படியே படுக்க விடுவார்கள். பலர் தூங்கிவிடுகிறார்கள். வெறும் வயிற்றோடு போனால் தலைசுற்றும், மயக்கமும் வரலாம். இட்லியோ பழமோ சாப்பிட்டுவிட்டு, சிறுநீர் கழித்துவிட்டுப் போவது நல்லது. ஊசியை எடுத்தபின் ஒரு பொட்டு ரத்தமோ சிறு ரத்தக்கட்டோ வந்தால் பயப்பட வேண்டாம். ஹெப்பாரின் போட்டுக்கொள்பவருக்கு இது கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஆகவே ஹெப்பாரின், ஆஸ்பிரின் எடுப்பதைப் படுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்டவருக்கு ஆழமாகக் குத்தாமல், எண்ணிக்கையைக் குறைத்துப் போடுவார்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை ஆறுதலான தகவல்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் மசக்கைக்காக 593 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் கருச்சிதைவிலோ குழந்தையின் பிறவிக் குறைகளிலோ வித்தியாசம் இல்லை. ஆனாலும் மரபில் சில புள்ளிகளைக் கர்ப்பிணிகளுக்குத் தொடக்கூடாது என்று ஒதுக்கியிருக்கிறார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதைப்பகுதி, கணுக்காலின் உள்பக்க எலும்புக்கு நான்கு விரல் மேலே உள்ள இடம், தோளின் உச்சி, அடிமுதுகின் கீழ்ப்பகுதி ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவற்றில் குத்தினால் கரு கலையும் என்பதற்கு நவீன ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை. இருந்தும் ஏற்கெனவே கருவை இழந்த பெண்ணுக்கு இந்த இடங்களைத் தவிர்ப்பதே சரி. ஒருவேளை மறுபடி கலைந்துபோனால், "அந்த ஊசியாலதானோ" என்ற எண்ணம் அவளை விடாது. வயிற்றின் மேல் ஊசி, மின்சாரம் இணைத்த ஊசி இரண்டும் கர்ப்ப காலத்தில் வேண்டாம். கூடவே கொடுக்கும் மூலிகைப் பொடி, கஷாயம், சீன மருந்து எதுவாக இருந்தாலும் மகப்பேறு மருத்துவருக்குத் தெரியாமல் வாயில் போடக் கூடாது.

யாரிடம் போவது

இந்தியாவுக்கு அக்குபங்சரைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படுபவர் பிஜய் குமார் பாசு. 1938இல் போர்க்களத்தில் உதவச் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவில், துவாரகநாத் கோட்னிஸுடன் போனவர். பின்னாளில் சீனாவில் இதைக் கற்றுக்கொண்டு கொல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். மத்திய அரசு 2003இல், பயிற்சி பெற்றவர்கள் இதை ஒரு சிகிச்சை முறையாகச் செய்யலாம் என்றது. 2019இல் தனி மருத்துவ முறையாக ஏற்றது. மேற்கு வங்கமும் மகாராஷ்டிரமும் இதற்கெனத் தனிச் சட்டம் வைத்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. எம்.பி.பி.எஸ். முடித்துத் தனியாக அக்குபங்சர் கற்றவர்களும் இருக்கிறார்கள், சில மாத டிப்ளமா முடித்துப் பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். யோகா, இயற்கை மருத்துவப் பட்டமான பி.என்.ஒய்.எஸ். படிப்பின் பாடத்திட்டத்தில் அக்குபங்சர் உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் இதற்கான அரசுக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. கரு சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு, ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்த, மகப்பேறு மருத்துவரோடு போனில் பேசத் தயங்காத ஒருவரையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஊசி ஒவ்வொரு முறையும் புதிய, சீலிட்ட பாக்கெட்டிலிருந்து கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும், பிறகு பாதுகாப்பான டப்பாவில் போடப்பட வேண்டும். பழைய ஊசி மஞ்சள் காமாலைக் கிருமியைக் கொண்டுவரும். மூன்று மாதத்துக்கான தொகையை மொத்தமாக முதல் நாளே கேட்பவரிடமிருந்தும், "கண்டிப்பா தங்கும், நான் கேரண்டி" என்று சொல்பவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடலாம்.

தமிழ்நாட்டில் மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஊசியே இல்லாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுச் சிகிச்சை தரும் அக்கு ஹீலர்கள் இங்கே ஊர்தோறும் இருக்கிறார்கள். தொடுவதால் ஆபத்தில்லை. அவர்களில் சிலர் கூடவே சொல்லும் அறிவுரையில்தான் ஆபத்து. ஆங்கில மருந்தை எல்லாம் நிறுத்து, ஸ்கேன் எடுக்காதே, தடுப்பூசி வேண்டாம், வீட்டிலேயே பெற்றுக்கொள். உடலில் எந்தத் தொந்தரவு வந்தாலும் "கழிவு வெளியேறுகிறது" என்று விளக்கம் தருவார்கள். சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் சொல்லப்படும் இந்த விளக்கத்தைக் கர்ப்பிணியின் ரத்தப்போக்குக்கும் சொன்னால் உயிர் போகும். கருக்குழாயில் தங்கிய கரு வெடிக்கும்போதும் வெளியே தெரியும் ரத்தம் கொஞ்சமாகத்தான் இருக்கும். உள்ளேயோ வயிறு முழுக்க ரத்தம் தேங்கிக்கொண்டிருக்கும்.

எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது

கரு கலைந்து ரத்தப்போக்கு நின்று, டாக்டர் சரி என்றபின், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே வாரம் ஒருமுறை போகத் தொடங்குவது நல்ல ஏற்பாடு. தூக்கம் திரும்பவும், சிகிச்சை தருபவரோடு பழகவும் அந்த மாதங்கள் உதவும். பரிசோதனைகளும் இதே காலத்தில் நடக்கட்டும். ஆன்டிபாஸ்போலிப்பிட் இரண்டாம் ரத்தப் பரிசோதனைக்கான 12 வாரக் காத்திருப்பு இதற்குச் சரியாகப் பொருந்தும்.

கர்ப்பம் உறுதியானதும் அக்குபங்சர் நிபுணருக்கு முதலில் அதைச் சொல்ல வேண்டும். புள்ளிகள் மாற வேண்டும், எண்ணிக்கை குறைய வேண்டும். குமட்டலுக்கு மணிக்கட்டின் உள்பக்கம், மடிப்புக்கோட்டிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு நரம்புகள்போலத் தெரியும் தசைநாண்களுக்கு நடுவே உள்ள நெய்குவான் புள்ளியைக் கர்ப்பிணியே கட்டைவிரலால் சில நிமிடம் அழுத்திக்கொள்ளலாம். பயணம் உடலை வாட்டினால் அந்த வாரம் போகாமல் இருப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. மூன்றாம் மாதம் முடிந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பிற்பகுதியில் இடுப்பு வலி படுத்தினால் மறுபடி போகலாம். சுவீடனின் கோத்தன்பர்க்கில் இடுப்பெலும்பு வலியால் அவதிப்பட்ட 386 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில் ஊசி நல்ல பலன் தந்தது.

ரத்தம் பட்டால் முதல் போன் மகப்பேறு மருத்துவருக்குத்தான் போக வேண்டும். ஏற்கெனவே கருவை இழந்தவருக்கு இப்போது ரத்தக்கசிவு வந்து, கரு கருப்பைக்குள் இருப்பது ஸ்கேனில் உறுதியானால், புரோஜெஸ்டிரான் மருந்துக்கு ஓரளவு பலன் இருக்கிறது. பிரிட்டனில் 4,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், முன்பு மூன்று முறையோ அதற்கு மேலோ கருவை இழந்தவர்களில் புரோஜெஸ்டிரான் எடுத்தவர்களுக்கு 72 சதவீதமும், எடுக்காதவர்களுக்கு 57 சதவீதமும் குழந்தை பிறந்தது. அந்த மருந்தைத் தொடங்க வேண்டிய நாளில், புள்ளியை மாற்றிப் பார்க்கலாம் என்று மேசையில் படுத்திருக்கக் கூடாது. ஒரு பக்கமாக அடிவயிற்றில் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், ஒரு மணி நேரத்தில் இரண்டு பேடு நனையும் ரத்தப்போக்கு, காய்ச்சலோடு நாற்றமடிக்கும் கசிவு: இவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும்.

எல்லாக் கவனிப்பையும் தாண்டி மறுபடி கலைந்துவிட்டால், அந்த மோசமான மணி நேரத்திலும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அதைக் கணவரோ அம்மாவோ செய்ய வேண்டும், அவள் அல்ல. வெளிவந்த திசுவைக் குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி டாக்டரிடம் உடனே கேட்க வேண்டும். வழக்கமாகப் போடும் ஃபார்மலினில் போட்டால் திசுவின் உயிரணுக்கள் செத்துவிடும், அதன்பின் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு அது உதவாது. கிருமி நீக்கிய சலைனில் போட்டுக் கையோடு லேபுக்கு அனுப்ப வேண்டும். குழந்தையின் குரோமோசோமில் பிழை இருந்தது என்று ரிப்போர்ட் வந்தால், ஹெப்பாரின் ஊசியை ஒரு நாள் மறந்ததாலா, அக்குபங்சருக்கு ஆட்டோவில் குலுங்கிப் போனதாலா என்ற கேள்விகளுக்கு அந்தக் காகிதமே பதில் சொல்லிவிடும். அந்த ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை அக்குபங்சர் நிபுணரின் ஃபைலிலும் வைக்கச் சொல்லலாம். தூக்கமில்லாத இரவுகளுக்கு அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எந்த நேரமும் தமிழிலும் கிடைக்கும். ரத்தப்போக்கு முழுக்க நின்று, மறு செக்கப் முடிந்தபின், அவளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும், வாரம் ஒருமுறை மறுபடி அந்த மேசைக்குப் போகலாம்.